சேதுமாதவன் சாருக்கு ஒரு கேள்வி

வெள்ளிக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம் ஜெயபாரதி ஆண்பிள்ளையாக இருப்பாள். வீட்டில் மற்ற இருவரும் எழுந்திருக்க ஒன்பதரை ஆகும். கணவன் சேதுமாதவன் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் ப்ராஜெக்ட் இன்ஜினியர். ஐந்து நாள் சைட் வெயிலில் நின்றவன் வெள்ளிக்கிழமைத் தூக்கத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். மகள் பிருந்தா ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குத் தூங்கக் காரணமே வேண்டாம். கீழே மஸ்கட்டின் ரூவி கடைத்தெருவும் ஷட்டரை இறக்கிக்கொண்டு கிடக்கும். ஜெயபாரதி டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் இருக்கும் லேப்டாப்பைத் திறப்பாள். திரையின் மூலையில் 'சேதுமாதவன்' என்று பெயர் வரும். அதற்குப் பிறகு அவள்தான் சேதுமாதவன். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் அவளை சார் என்பார்கள், பிரதர் என்பார்கள். பிரேசில்காரர் ஒருவர் ஒருமுறை, 'உங்கள் மனைவி கொடுத்துவைத்தவர்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சேதுமாதவனிடம் காட்டியபோது அவனும்தான் சிரித்தான்.

அது ஒரு தன்னார்வலர் குழு. எங்காவது வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால், மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் எடுத்த படங்களை இவர்களுக்கு அனுப்புவார்கள். படத்தில் தெரிகிற கூரைகளையும் தெருக்களையும் கிணறுகளையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு வரைய வேண்டும். அப்படி வரைந்த வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் மீட்புக்காரர்கள் ஊருக்குள் போவார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஜெயபாரதி சிவில் இன்ஜினியரிங்கில் கல்லூரி முதல் மாணவி. கல்யாணமாகி மஸ்கட் வந்த பிறகு அவள் போட்ட கோடெல்லாம் பிருந்தாவின் கணக்கு நோட்டுக்கு மார்ஜின்தான். இந்தக் குழுவைக் கண்டுபிடித்த அன்றைக்கு, பசித்தவள் இலைக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தாள்.

ஆனால் அவள் இருப்பது கணவனோடு சேர்ந்திருக்கும் குடும்ப விசாவில். வேலை செய்ய அனுமதியில்லை. சம்பளமில்லாமல் கோடு போடுவது வேலையில் சேருமா சேராதா என்று யாரைக் கேட்பது? அந்தச் சமயம் பார்த்து எதிர் பில்டிங்கில் வீட்டிலேயே டியூஷன் எடுத்த ஒரு பெண்ணைப் பற்றி யாரோ புகார் கொடுத்து, அபராதம் வரைக்கும் போயிருந்தது. "எதுக்கு வம்பு பாரதி, எம்பேர்ல ஓப்பன் பண்ணிக்கோ" என்றான் சேதுமாதவன். வீட்டு வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில், கரண்டு பில் அவன் பெயரில், அவள் கையிலிருக்கும் போனின் சிம் கார்டு அவன் பெயரில். இதுவும் அந்த வரிசையில் ஒன்று. அவளுக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. சொல்லப்போனால் பாதுகாப்பாகக்கூட இருந்தது. இங்கே இருக்கிற மனைவிகளுக்கு இதெல்லாம் சகஜம்.

ஆறு வருஷத்தில் அந்தப் பெயர் குழுவில் பெரிய பெயராகிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு பக்கம் உண்டு. புதியவர் பெயருக்குப் பக்கத்தில் முதல் ஒரு மாதத்துக்குச் சின்னதாக ஒரு பச்சை இலை ஒட்டியிருக்கும். அந்த இலையைப் பார்த்ததும் வணக்கம் சொல்லி நாலு வார்த்தை எழுதுவது ஜெயபாரதியின் வெள்ளிக்கிழமை வழக்கம். யாரும் அவளை அதற்கு நியமிக்கவில்லை. வந்த வீட்டில் வாங்க என்று சொல்ல ஆளில்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு ஒரே ஒரு இலை இருந்தது.

'எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் மரியாமா ஜல்லோ. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என் நாடு. கல்லூரியில் புவியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என்னிடம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லை, கல்லூரி லேபில் வைத்துத்தான் வேலை செய்வேன், அதனால் மெதுவாகத்தான் செய்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் இங்கே வந்ததற்கு ஒரே காரணம் சேதுமாதவன் சார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செப்டம்பரில் எங்கள் ஊர் ஸாரே தெம்பாவில் வெள்ளம் வந்தது. அவர் வரைந்த படத்தை வைத்துக்கொண்டுதான் படகுக்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போகிற ஒரு பாதையை அவர் குறித்திருந்தார். அந்தப் பாதையில்தான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த என் அத்தையைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் படம் இப்போதும் எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் இருக்கிறது, கீழே சாரின் பெயர் அச்சடித்திருக்கிறது. சாரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி உண்டு. அந்தப் பாதை செயற்கைக்கோள் படத்தில் தெரியவே தெரியாது. நானே தேடிப் பார்த்துவிட்டேன். நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? உங்கள் வீடியோவில் அனுபவம் என்று சொல்கிறீர்கள். அது பதிலே இல்லை என்கிறார் எங்கள் ஆசிரியர்.'

அத்தையைப் பற்றிய வரிக்கு வந்தபோதே ஜெயபாரதி அழுதுவிட்டாள். ஸாரே தெம்பாவை வரைந்த அந்தப் பதினொரு நாளும் அவள் வீட்டில் தினம் தயிர்சாதம்தான். அத்தை பிழைத்துவிட்டாளா, என்ன குழந்தை, அதை முதலில் கேட்க வேண்டும் என்று விரலை வைத்தாள். அப்புறம்தான் அந்த வார்த்தை உறைத்தது. வீடியோவா, எந்த வீடியோ?

மரியாமா கீழே அதையும் ஒட்டியிருந்தாள். ஜெயபாரதி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு அமுக்கினாள்.

சேதுமாதவனின் கம்பெனி போட்ட வீடியோ அது. 'எங்கள் ஊழியர், உலகத்தின் நண்பர்' என்று ஆங்கிலத்தில் தலைப்பு ஓடியது. அதன் பின்னால் அவளுடைய வீடு வந்தது. இதே மேசை, இதே நாற்காலி, நல்ல இஸ்திரிச் சட்டையில் சேதுமாதவன். நாற்காலி முதுகில் எப்போதும் கிடக்கும் அவளுடைய துப்பட்டா இல்லை. அதை எடுத்து மடித்து எங்கோ வைத்திருக்கிறார்கள். மேசையில் அவள் மறந்தாலும் மறக்காமல் இருக்கும் ஹேர்கிளிப் இல்லை. பின்சுவர்க் காலண்டர் ஜூலை காட்டியது. ஜூலையில் அவளும் பிருந்தாவும் திண்டிவனத்தில் இருந்தார்கள். பள்ளி விடுமுறை விட்டதும் பெண்களும் பிள்ளைகளும் விமானம் ஏறிவிட, ஆண்கள் இரண்டு மாதம் தனியாகக் கிடப்பார்களே, அந்த ஜூலை. தினம் சாயங்காலம் போனில் பேசினான். என்ன சாப்பிட்டீங்க என்று தினம் கேட்டாள். ஒருநாள்கூட இதைச் சொல்லவில்லை.

"ராத்திரி சைட்லேர்ந்து வந்ததும் ரெண்டு மணி நேரம் இதுக்குன்னு ஒதுக்கிடுவேன்" என்று திரையில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். "குடும்பத்தோட ஒத்துழைப்பு இல்லாம முடியாது." பிறகு ஒரு நோட்டை எடுத்துக் கேமராவுக்குக் காட்டினான். இவை என்னுடைய குறிப்புகள், என் தாய்மொழியில் எழுதுவேன் என்றான். பிருந்தாவின் நாலாம் வகுப்பு நோட்டு அது. மிச்சமிருந்த பக்கங்களில் ஜெயபாரதி எழுதியிருந்தாள். திரை முழுக்க அவள் கையெழுத்து வந்து நின்றது: 'வட்டமா இருந்தா வீடுன்னு போட்டுடாதே. அது மல்லாட்டைப் போர்.' கோவில்பட்டிக்காரனான அவனுக்கு அது கடலை. கல்யாணமான நாளிலிருந்து மல்லாட்டையாம் மல்லாட்டை என்று அவளைக் கேலி செய்தவன். அந்த மல்லாட்டையைத்தான் ஒரு கூச்சமுமில்லாமல் உலகத்துக்குத் தூக்கிக் காட்டினான். படுபாவி, என்று வாய்விட்டே சொன்னாள். பதினாறு வருஷத்தில் அவனை அப்படிச் சொன்னதில்லை.

ஷோகேஸைத் திரும்பிப் பார்த்தாள். செப்டம்பரில் அவன் கொண்டுவந்த கண்ணாடிக் கேடயம் அங்கே பளபளத்தது. அதில் அவன் பெயரும் கம்பெனி பெயரும் வருஷமும் மட்டும் இருந்தன. எதற்கு என்று கேட்டதற்கு, சைட்டில் ஒரு விபத்துகூட நடக்காததற்கு என்றான். அன்றைக்கு அவள் கேசரி கிளறினாள். வாரா வாரம் அதைத் துணியால் துடைத்து வைக்கிறாள். போன வாரம்கூடத் துடைத்தாள்.

பிருந்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பின்னால் நின்றாள். "ஓ, அப்பா வீடியோவா? ஃபைனலி சொல்லிட்டாங்களா?"

"ஒனக்குத் தெரியுமா?"

"ஸ்கூல்ல மிஸ் போட்டாங்களே. எல்லாரும் க்ளாப் பண்ணாங்க. அம்மாகிட்ட சொல்லாத, சர்ப்ரைஸ்னு அப்பா சொன்னாங்க." அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "பட் அது நீதானே பண்றே? அப்பா அதையும் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்மா. ஐ வெய்ட்டட் டில் த எண்ட்."

பிள்ளை கடைசி வரைக்கும் காத்திருந்திருக்கிறாள். ஜெயபாரதிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. போய்ப் பல் தேய் என்று அனுப்பினாள்.

சேதுமாதவன் எழுந்து வந்து காபி கேட்டபோது, அவள் லேப்டாப்பை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அவனுடைய முகமே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"ஆபீஸ்ல கேட்டாங்க பாரதி."

"என்ன கேட்டாங்க?"

"மே மாசம் ஆள் கொறைக்க ஒரு லிஸ்ட் போட்டாங்க. இருபத்திரண்டு பேரு. அதுல எம்பேரும் இருந்துச்சு. ஒன்ட்ட சொல்லல. நீ ஊருக்குக் கெளம்புற சந்தோஷத்துல இருந்த." அவன் மேசையிலிருந்த டீக்கறையை நகத்தால் சுரண்டினான். "புது ஜி.எம்.முக்கு இந்தச் சேவை அது இதுன்னா உசிரு. ஹெச்.ஆர்.காரர் நெட்ல எம்பேரைத் தேடுனா இதுதான் மொதல்ல வருது. சார், இது நீங்களான்னு கேட்டாரு. இல்ல, எம்பொண்டாட்டின்னு சொல்லணுமா? விசால வேலை செய்யக்கூடாதுன்னு இருக்கு. கம்பெனிக்காரன்ட்டயே போய்ச் சொல்லணுமா?"

"சரி, அங்க சொல்லாதீங்க. எங்கிட்ட?"

"சொன்னா ஒத்துக்க மாட்ட."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அவன் மறுபடியும் டீக்கறையைச் சுரண்டினான். அவன் கேட்காததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளே. மூன்று பேருடைய சோறு என்று தெரிந்தால் நோட்டை அவளே எடுத்து நீட்டியிருப்பாள். மல்லாட்டைப் போர் எப்படித் தெரியும், தகரக் கூரை எப்படிப் பளிச்சிடும், எந்தக் கேள்விக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பாள். இவன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவள் விமானம் ஏறும் வரைக்கும் பொறுத்திருந்து, துப்பட்டாவை மடித்து வைத்துவிட்டு, கேமராக்காரனைக் கூப்பிட்டிருக்கிறான். லிஸ்டில் பெயர் வந்த பயத்தை அவளோடு பங்குபோட்டுக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. பொண்டாட்டி என்று எதற்கு வைத்திருக்கிறான்?

"சைட்ல விபத்து நடக்காததுக்குன்னு சொன்னீங்களே" என்றாள். "நான் கேசரி செஞ்சேன்."

"தப்புதான்."

அந்த ஒரு வார்த்தையோடு அவன் நிறுத்தியிருந்தால் கதை வேறு பக்கம் போயிருக்குமோ என்னவோ. அவள் அடுப்படிக்குப் போய்க் காபியைக் கலந்து கொண்டுவந்து வைத்தாள். கை பழக்கம், கோபம் வந்தாலும் டிகாக்ஷன் அளவு மாறுவதில்லை. அவன் இரண்டு வாய் குடித்தான். அவள் சத்தம் போடாதது அவனுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து மரியாமாவின் கடிதத்தைப் படித்தான். அத்தையைத் தூக்கிப் போன இடம் வந்தபோது அவன் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது. அதை அவள் பார்த்தாள்.

"நல்ல பொண்ணா இருக்கே. இதுக்கு ஒரு பதில் போட்டுரு பாரதி, வெளக்கமா. எம்பேர்லயே. ஒனக்குத்தான் இதெல்லாம் நல்லா எழுத வரும். அனுபவம்னு சொன்னதைக் கொஞ்சம் சரிக்கட்டுற மாதிரி. ஹெச்.ஆர்.ல இதையும் எடுத்துப் போடுவாங்க. வர்ற மாசம் காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும்ல."

சொல்லிவிட்டு ஹாலுக்குப் போய்ச் சோபாவில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டான். பிரச்சினை முடிந்துவிட்டது என்றே நினைத்தான் போலிருக்கிறது. அவன் முதுகு அப்படித்தான் சொன்னது.

ஜெயபாரதி நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே பதில் எழுதும் பெட்டி திறந்திருந்தது. அதன் தலையில் அவன் பெயர். ஆறு வருஷமாக அந்தப் பெயருக்குள்ளிருந்து எழுதியவள்தான். இன்றைக்கு ஒரு எழுத்து வரவில்லை. நேற்று வரைக்கும் அந்தப் பெயர் ஒரு போர்வை, அவளும் அவனும் சேர்ந்து சிரித்துக்கொண்டு போர்த்திக்கொண்டது. அதற்குள் இப்போது அவன் மட்டும் இருக்கிறான். எழுதாமல் விட்டால் அந்தப் பெண் அங்கே லேபில் உட்கார்ந்து காத்திருப்பாள். உண்மையை எழுதினால் யாராவது பார்ப்பார்கள். ஹெச்.ஆர். பார்க்கும், ஜி.எம். பார்ப்பார். காண்ட்ராக்ட் போனால் அவன் விசா போகும், அவன் விசா போனால் அவளுடையதும் பிருந்தாவுடையதும் போகும், நடுப் படிப்பில் மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுக்காரனைக் காப்பாற்றும் பொறுப்பு மட்டும் எப்படியோ அவள் தலையிலேயே வந்து விடிகிறது.

எழுந்து போய் நோட்டைத் தேடினாள். அது அவள் வைக்கும் இடத்தில் இல்லை. அவனுடைய ஆபீஸ் பைக்குள் இருந்தது. ஏழாம் பக்கத்தைப் புரட்டினாள். பள்ளிக்கூடம், பாதை, மாடு என்று அவசர எழுத்து. ஓரத்தில் தயிர்க் கறை. அதைக் கொண்டுவந்து லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு, ஆறு வருஷத்தில் முதல்முறையாக, திரையின் மூலையில் இருந்த பெயரை அமுக்கி வெளியே வந்தாள்.

புதிதாகச் சேர விரும்புகிறீர்களா என்று கேட்டது. ஆம் என்றாள். பெயர் கேட்டது. ஜெயபாரதி என்று அடித்தாள். அடித்து முடித்ததும் அது ஏதோ தெரிந்த பெண்ணின் பெயர் மாதிரி இருந்தது. மின்னஞ்சல் கேட்டபோது, கல்லூரிக் காலத்தில் திறந்து, இப்போது தள்ளுபடி விளம்பரம் மட்டுமே வரும் முகவரியைக் கொடுத்தாள். வரைந்த வீடுகள்: பூஜ்யம். நீங்கள் எளிய கட்டங்களிலிருந்து தொடங்கலாம், உங்கள் வேலையை அனுபவமுள்ள ஒருவர் சரிபார்ப்பார் என்று அறிவுரை வந்தது. முப்பத்தெட்டாயிரம் கூரை போட்டவளிடம் வீடு என்றால் என்ன என்று படம் போட்டு விளக்கினார்கள். அதையும் பொறுமையாகப் படித்து, புரிந்தது என்ற பொத்தானை அமுக்கினாள்.

அறிமுகப் பக்கத்தில் மரியாமாவுக்குக் கீழே எழுதினாள். 'எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் ஜெயபாரதி. ஊர் திண்டிவனம், இருப்பது மஸ்கட். படித்தது சிவில் இன்ஜினியரிங். புதியவள்.' கடைசி வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எடுக்கவில்லை.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. இத்தனை வருஷம் எல்லோருக்கும் வாங்க சொன்னவளுக்கு முதல் வணக்கம் சொன்னவள் மரியாமா.

'வாங்க அக்கா. போனில்தான் எழுதுகிறேன், இங்கே இப்போதுதான் விடிகிறது. நானும் புதுசுதான், நேற்றுதான் சேர்ந்தேன். பயப்படாதீர்கள், இங்கே எல்லோரும் நல்லவர்கள். நீங்கள் மஸ்கட்டா! சேதுமாதவன் சாரும் அங்கேதான் இருக்கிறார். அவரை உங்களுக்குத் தெரியுமா? என் கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.'

ஹாலில் சேதுமாதவன் அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். குடும்பத்தோட ஒத்துழைப்பு இல்லாம முடியாது என்று அவன் குரல் சன்னமாக வந்தது. தெரியுமா என்ற கேள்விக்கு ஜெயபாரதி பதில் எழுதவில்லை. நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, மற்றக் கேள்விக்கு எழுதினாள்.

'மரியாமா, பிப்ரவரி மாதத்துப் பழைய படத்தைத் திறந்து பார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மெல்லிசாக வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து போகும். அது மாடுகள் வரிசையாக நடந்த தடம். மாடு சேற்றில் இறங்காது, மேட்டைப் பார்த்துச் சுற்றித்தான் போகும். மழைக்காலத்தில் புல் மூடிவிடுவதால் உனக்குத் தெரியவில்லை. எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. அதனால்தான் முழுக்கோடாக இழுக்காமல் விட்டு விட்டுப் போட்டேன். உன் பள்ளிக்கூடச் சுவரில் போய்ப் பார், அந்த ஒரு பாதை மட்டும் அப்படி இருக்கும். அத்தைக்கு என்ன குழந்தை?'

அனுப்பும் பொத்தானின் மேல் விரல் ஒரு கணம்தான் நின்றது.

"பதில் போட்டியா?" ஹாலிலிருந்து சேதுமாதவன் கேட்டான்.

"போட்டாச்சு" என்றாள்.

"எம்பேர்லதானே?"

அடுப்படியில் பிருந்தா பாலைத் தேடிப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். ஜெயபாரதி ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தாள். திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பெயர்கள், இரண்டுக்கும் பக்கத்தில் ஒரே அளவில் பச்சை இலை. கீழே சின்ன எழுத்தில், மரியாமா ஜல்லோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது.